தோட்டம் கேள்வி-பதில்: கத்திரி வெயிலைத் தாண்டி நிற்கும் செடிகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆந்திர எல்லையோரத்திலிருந்து வந்தவை: குடியாத்தம், பள்ளிப்பட்டு, திருத்தணி, ஆரம்பாக்கம், எல்லைக்கு அப்பால் நகரி, சித்தூர். எல்லோருக்கும் கவலை ஒன்றுதான். மே மாதத்தில் சாகாத செடி எது, பல வருடம் நிற்கும் செடி எது?

வாசகர், குடியாத்தம்: பரதராமி சாலையில் புது வீடு கட்டி, முன்பக்கம் பத்தடிக்கு இருபதடி இடம் விட்டிருக்கிறோம். செம்மண் சரளை. மார்ச் மாதம் நர்சரியில் ஒன்பது செடி வாங்கி நட்டோம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் மே முடிவதற்குள் ஏழு காய்ந்துவிட்டன. வெயில் தாங்கும் செடிகளின் பெயரைச் சொல்லுங்கள்.

பெயர்களைச் சொல்கிறோம். அதற்கு முன், காய்ந்த செடிகளில் ஒன்றைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். அநேகமாக மண்ணுருண்டை கவரில் இருந்த வடிவம் மாறாமல் செங்கல் மாதிரி இறுகியிருக்கும். அதைத் தாண்டி ஒரு வேர்கூட சரளைக்குள் போயிருக்காது. அப்படி இருந்தால் உங்கள் செடியைக் கொன்றது வெயில் இல்லை.

நம் பக்கத்து நர்சரிகளுக்கு நிறையச் செடிகள் ராஜமகேந்திரவரம் அருகிலுள்ள கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருகின்றன. அவற்றில் பல களிமண் உருண்டையோடு வரும். லாரியில் ஆடி அசைந்து வந்தாலும் உடையாமல் இருக்க அந்த மண் நல்லதுதான். சரளையில் நட்டபின் அதுவே வினை. ஒருமுறை காய்ந்தால் களிமண் சுருங்கி, உருண்டைக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியாகக் கீழே இறங்கிவிடும், உருண்டைக்குள் நுழையாது. மேலே பார்த்தால் தரை ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் செத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே நடும் அன்று செடியைக் கவரோடு ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள். கால் மணி நேரம் ஆகும். பிறகு கவரைக் கிழித்து, உருண்டையின் வெளிப்புறத்தில் ஒரு அங்குலக் களிமண்ணைக் கையால் பிசைந்து உதிர்த்துவிடுங்கள். அடியில் வட்டமாகச் சுருண்ட வேர்களைக் கத்தரித்துவிடலாம், பயம் வேண்டாம். போகன்வில்லா (காகிதப்பூ) மட்டும் விதிவிலக்கு. அதன் வேர் நொய்மையானது, உருண்டையைக் கலைத்தால் செடி துவண்டுவிடும். அதற்கு நாலு பக்கமும் மேலிருந்து கீழாகக் கத்தியால் லேசாகக் கீறினால் போதும்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. கடப்பாரை பட்ட இடத்தில் குழிச்சுவர் வழவழப்பாக இறுகும். அதைக் கொத்தி முரடாக்குங்கள். குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை நாள் கழித்தும் வடியாவிட்டால் கீழே பாறை இருக்கிறது என்று பொருள். அங்கே குழி வேண்டாம், ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். நிரப்புவதற்குத் தோண்டிய மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 200 கிராம். இதற்கு மேல் உரம் கொட்டாதீர்கள். குழிக்குள் விருந்தும் வெளியே சரளையும் இருந்தால் வேர் குழியை விட்டு நகராது.

அடுத்தது பட்டம். மார்ச்சில் நட்ட செடிக்குக் கத்திரி வெயில் வருமுன் கிடைப்பது எட்டு வாரம். ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள் நட்டால் எட்டு மாதம் வரை கிடைக்கும், இரண்டு பருவமழையின் பங்கும் கிடைக்கும். ஆடிப்பட்டம் விதைக்கு மட்டும் சொன்னது இல்லை. நர்சரியில் நிழல்வலைக்குள் இருந்த செடியை அப்படியே நடுவெயிலில் வைக்கவும் கூடாது. பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்திருந்து பிறகு நடுங்கள்.

தினமும் இருவேளை என்று எழுதியிருக்கிறீர்கள், அளவை எழுதவில்லை. பூவாளியில் இரண்டு நிமிடம் தெளித்தால் இரண்டு அங்குலம்தான் நனையும். வேரும் அந்த இரண்டு அங்குலத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஏப்ரலில் முதலில் வேகும் மண்ணும் அதுதான். முதல் மாதம் இரண்டு நாளைக்கு ஒருமுறை செடிக்கு 5 லிட்டர், அடுத்த மூன்று மாதம் மழை இல்லாத வாரங்களில் இரண்டு தரம் 10 லிட்டர், முதல் கோடையில் வாரம் இரண்டு தரம் 15 லிட்டர், இரண்டாவது கோடையில் வாரம் ஒரு தரம் 20 லிட்டர். மூன்றாவது கோடைக்குப் பிறகு செடி வாடினால் மட்டும் பாருங்கள். தண்ணீர்ப் பாத்தியின் வட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை அடி வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும், வேர் அதைத் தேடி வரும். பாத்தியில் மூன்று அங்குலத்துக்கு வேர்க்கடலைத் தோலோ கரும்புச் சோகையோ மூடாக்கு போடுங்கள். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளியே போடவும். தண்டோடு ஒட்டினால் கரையான் அதையே ஏணியாக்கிக்கொள்ளும்.

இனி பெயர்கள். உங்கள் 200 சதுர அடிக்கு ஒன்பது வகை அதிகம், ஐந்து வகை போதும். மேற்குச் சுவரோரம் ஒரு போகன்வில்லா. வாசலுக்கு ஒரு பக்கம் மஞ்சள் டெகோமா. இது பத்தடிகூட வளரும், வருடம் ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். காயைப் பச்சையிலேயே கிள்ளாவிட்டால் தெரு முழுக்க முளைக்கும். மறுபக்கம் அடுக்கு நந்தியாவட்டை, கொஞ்சம் நிழல் விழுந்தாலும் பூக்கும். கேட்டின்மேல் ஏற்ற ரங்கூன் மல்லி. முன்வரிசையில் இரண்டடி இடைவெளியில் டிசம்பர் பூ ஐந்து செடி.

டிசம்பர் பூவை யாரும் நர்சரியில் காசு கொடுத்து வாங்குவதில்லை, அதனாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஆடி மாதம் அரை அடிக் குச்சியாக ஒடித்து வந்து இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் பிடித்துக்கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று பூத்துத் தள்ளும். தை முடிந்ததும் ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கோடையில் குச்சியாக நின்றாலும் முதல் மழையில் துளிர்த்துவிடும்.

ரோஜாவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வாசகி, நகரி: இட்லிப்பூச் செடியில் புது இலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டோம், இன்னும் மோசமானது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அதே சுண்ணாம்புதான் ஒவ்வொரு நாளும் உங்கள் மண்ணிலும் படிந்து காரத்தன்மையை ஏற்றுகிறது. கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. அதில் நின்றுகொண்டு செடி இரும்புக்கு ஏங்குகிறது.

அடையாளத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். நுனி இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புப் பற்றாக்குறை. அடியிலுள்ள பழைய இலை முதலில் முழுவதுமாக மஞ்சளானால்தான் தழைச்சத்துக் குறை, அதற்குத்தான் யூரியா. இப்போது யூரியா போட்டதால் செடி இன்னும் இலை விட்டது, இருந்த கொஞ்ச இரும்பும் பங்கு பிரிந்துபோனது.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கேளுங்கள். இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், பழுப்பேறித் துருப்பொடியாக இருந்தால் வாங்காதீர்கள், பயன் தராது. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சிட்ரிக் ஆசிட் ஒரு கிராம், இல்லாவிட்டால் அரை மூடி எலுமிச்சைச் சாறு. பிறகு அன்னபேதி 5 கிராம். இதற்குப் போர் தண்ணீர் எடுத்தால் இரும்பு வாளியிலேயே துருவாகப் படிந்துவிடும், மழைநீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். வெயில் இறங்கியபின் இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்கவும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மீதியை வைத்திருந்து மறுமுறை தெளிக்க வேண்டாம், அன்றன்று கரைத்ததுதான் வேலை செய்யும். டைல்ஸ் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை எளிதில் போகாது. வெளுத்த பழைய இலைகள் முழுதாகப் பச்சையாகாது, அடுத்து வரும் துளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அன்னபேதியை வேரில் போடச் சொல்வார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது சில நாளிலேயே கட்டுண்டுவிடும். மண்ணில்தான் போட வேண்டுமென்றால் உரக்கடையில் 'இ.டி.டி.எச்.ஏ.' என்று அச்சிட்ட இரும்புச் சத்து வாங்கி, பொட்டலத்தில் உள்ள அளவுப்படி போடுங்கள். மலிவாகக் கிடைக்கும் 'இ.டி.டி.ஏ.' வகை கார மண்ணில் நிலைக்காது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இட்லிப்பூ கேரளத்துச் செம்பாறை மண்ணில், புளிப்பான மண்ணில், கொட்டும் மழையில் வேலியோரம் தானாக வளர்கிற தெச்சி. அது வெயிலைத் தாங்கும், உங்கள் தண்ணீரைத் தாங்காது. மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து ஊற்ற முடியுமானால் தொட்டியில் வையுங்கள். இல்லையென்றால் அந்த இடத்துக்கு நந்தியாவட்டை.

வாசகி, பள்ளிப்பட்டு: ஆடு மேயாத உயிர்வேலி வேண்டும். அரளி வைக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் கறவை மாடும் உண்டு. சிலர் கோனோகார்பஸ் வைக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்கு அரளி வேண்டாம். இலை, தண்டு, பூ, வேர் எல்லாமே நஞ்சு. பச்சையாக இருக்கும்போது மாடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆபத்து கவாத்து செய்தபின்தான். வெட்டிப்போட்ட கிளை காய்ந்தாலும் நஞ்சு போகாது, காய்ந்த சருகு வைக்கோலோடு கலந்தால் மாட்டுக்கு வித்தியாசம் தெரியாது. மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் கொடியது, அதைக் குழந்தைகள் பொறுக்கி விளையாடுவார்கள்.

பெயரிலேயே உத்தரவாதம் உள்ள செடி இருக்கிறது: ஆடாதொடை. இதையும் நொச்சியையும் கலந்து இரண்டு வரிசையாக நடுங்கள். பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை ஒரு அடி நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, பாதி மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். குச்சிக்குக் குச்சி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை ஒரு அடி, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைக் குச்சி வரட்டும். வேலிகள் கெடுவது ஓரிடத்தில்தான்: உயரமாக வளரட்டும் என்று முதல் வருடம் வெட்டாமல் விடுவார்கள், அடி மொட்டையாகி அந்த ஓட்டை வழியே ஆடு நுழையும். இரண்டடி வந்ததும் ஒரு அடிக்கு வெட்டுங்கள். மறுபடி மூன்றடி வந்ததும் இரண்டடிக்கு வெட்டுங்கள். அடியிலிருந்து கிளைத்துவிடும்.

கோனோகார்பஸும் வேண்டாம். அதன் வேர் குழாய்களையும் கேபிள்களையும் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சுக் கோளாறு தருகிறது என்று சொல்லி குஜராத் அரசு 2023-ல் அதைத் தடை செய்தது. உண்ணிச்செடியும் வேண்டாம். மாட்டுக்கும் கெடுதல், காட்டுக்கும் கெடுதல்.

வாசகி, சித்தூர்: டெல்லி கனகாம்பரம் இரண்டாம் வருடம் ஒவ்வொன்றாக வாடிச் சாகிறது. விதை எடுத்து மறுபடி போடலாம் என்றால் விதையே பிடிக்கவில்லை.

விதை பிடிக்காதது உங்கள் குற்றமில்லை. டெல்லி கனகாம்பரம் மும்மடியம், அதாவது குரோமோசோம் மூன்று தொகுதியாக உள்ள ரகம். விதை வைக்காது, குச்சியில்தான் பெருக்க வேண்டும். நாட்டு ரகத்தில் காய்ந்த கதிரைத் தண்ணீரில் போட்டால் காய்கள் பட்பட்டென வெடித்து விதை தெறிக்கும். அந்த வேடிக்கையை டெல்லி ரகத்தில் எதிர்பார்க்க முடியாது.

வாடும் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச்சின்ன மணிகோத்தது போல முடிச்சு இருந்தால் நூற்புழு. முடிச்சில்லாமல் வேர் கறுத்து அழுகித் தோல் உரிந்தால் வாடல் பூஞ்சணம். கனகாம்பரத்தில் இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம். நூற்புழு குத்திய காயம் பூஞ்சணத்துக்கு வாசல். செத்த செடிக்குப் பதிலாக அதே குழியில் புதுச் செடி நட்டால் அதுவும் போகும். தக்காளி, கத்தரி, வெண்டையும் அங்கே வேண்டாம், அவற்றையும் அதே புழு பிடிக்கும். ஒரு பட்டம் அங்கே செண்டுமல்லி நெருக்கமாக வளர்த்து, பூத்தபின் மண்ணோடு கொத்திவிடுங்கள். அதற்குள் வேறு இடத்தில் புது நாற்று தயார் செய்யலாம். நோயில்லாத செடியில் நாலு அங்குல நுனிக்குச்சி எடுத்து நிழலில் மணலில் நட வேண்டும். வேர் விட்ட நாற்றை நடும் இடத்தில் சதுர மீட்டருக்கு வேப்பம் பிண்ணாக்கு 250 கிராம் போடவும். ஒரு கூடை மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) 20 கிராம் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு வாரம் சாக்கு மூடி வைத்திருந்து அதையும் இடுங்கள்.

கனகாம்பரத்துக்கு மே மாத மதிய வெயில் ஆகாது. முருங்கை மாதிரி சன்ன நிழல் தரும் மரத்துக்குக் கிழக்கே நட்டால் வருடம் முழுக்கப் பூக்கும்.

வாசகர், ஆரம்பாக்கம்: மணல், உப்புக் காற்று, கிணற்றுத் தண்ணீரும் லேசாகக் கரிக்கும். எதை வைத்தாலும் இலை ஓரம் கருகுகிறது. ஜிப்சம் போடலாமா?

முதலில் கிணற்றுத் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துதிறன் பாருங்கள், உப்பின் அளவை அதுதான் காட்டும். மீட்டருக்கு 0.7 டெசிசைமன்ஸுக்குக் கீழ் என்றால் கவலையில்லை, 3-க்கு மேல் என்றால் பெரும்பாலான தோட்டச் செடிகள் திணறும். ஜிப்சம் களர் மண்ணுக்கு (சோடியம் ஏறிக் கெட்ட மண்) மருந்து, உவர் மண்ணுக்கு (வெறும் உப்பு ஏறிய மண்) இல்லை. வெறும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவிக் கீழே அனுப்புவதுதான் வழி. அதில் உங்கள் மணல் உங்களுக்குத் துணை. தினம் கொஞ்சம் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறையக் கட்டுங்கள், உப்பு வேரைத் தாண்டி இறங்கும். ஐப்பசி மழையைப் பாத்தியிலேயே நிறுத்துவது அதைவிட நல்ல கழுவல்.

இரண்டடிக் குழியில் மணல் இரண்டு பங்கு, ஏரி வண்டல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு. கடல் பக்கம் காற்றுத் தடுப்பாகப் புன்னை அல்லது பூவரசு. அதன் மறைவில் அரளி, போகன்வில்லா, நித்தியகல்யாணி, சோற்றுக் கற்றாழை. தரையை மூட அடம்புக் கொடி. கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடப்பதைத் தினம் பார்த்திருப்பீர்கள். ஒரு முழம் கொடியை வெட்டிக் கணுவை மணலில் புதைத்தால் வேர் விடும். அதைத் தோட்டச் செடி என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் உங்கள் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

வாசகர், திருத்தணி: மாடியில் தொட்டியில் போகன்வில்லா. மூன்று வருடமாக இலைதான், பூ இல்லை.

நன்றாகக் கவனித்துக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது, அதுதான் கோளாறு. ஆறு மணி நேர நேர்வெயில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மாட்டுச்சாணக் கரைசல், யூரியா இரண்டையும் நிறுத்துங்கள். பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள், பூ புதுக்கிளையில்தான் வரும். புதுத்துளிர் அரை அடி வந்தபின் தண்ணீரைக் குறையுங்கள். நுனி இலை துவளும்போது மட்டும் ஊற்றவும். இரண்டு மூன்று வாரத்தில் கிளை நுனியில் நிறம் தெரியும். (நிறமாகத் தெரிவது இதழ் இல்லை, பூவடிச் செதில். உள்ளே தீக்குச்சித் தலை அளவில் வெள்ளையாக இருப்பதுதான் பூ.) இந்தப் பட்டினியை மே மாதத்தில் செய்யாதீர்கள், காங்கிரீட் சூட்டில் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள், வெளிப்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றும் அவசரம் வேண்டாம், வேர் நெருக்கமாக இருந்தால் நல்லதே.

வாசகி, திருவாலங்காடு: குண்டுமல்லியை எப்போது கவாத்து செய்வது?

நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடியில் எல்லாக் கிளையையும் வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். செடிக்குத் தொழு உரம் 10 கிலோ. மார்ச்சிலிருந்து பூக்கும். வெட்ட மனம் வராமல் விட்ட செடிதான் கொடி மாதிரி ஓடி, பத்துப் பூவோடு நிற்கும்.

வாசகர், கும்மிடிப்பூண்டி: நித்தியகல்யாணி வெயிலில் செழிக்கிறது, மழையில் அழுகுகிறது.

வடிகால் இல்லை. அரை அடி மேட்டுப்பாத்தியில், பாதிக்குப் பாதி மணல் கலந்து நடுங்கள். மழைக்காலத்தில் எரு போட வேண்டாம்.

வாசகர், பலமநேர்: சேஷாசலம் மலையில் வளரும் செம்மரத்தை வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா?

வறட்சி தாங்கும், நம் சரளையில் வளரும். ஆனால் மெதுவாக வளரும் மரம், பூந்தோட்டத்துக்கு உதவாது. பின்னால் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். கொல்லையில் இடம் இருந்தால் சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளி வையுங்கள்.